உசனார் கிணற்றின் கறுப்புக் கோடு

என் தங்கை அனஸ்தாசியாவைக் கல்லுப்பொறுக்கி என்று சொன்னால்தான் எங்கள் ஊர் எத்தாளையில் ஆட்களுக்கு விளங்கும். அந்தப் பெயரைச் சூட்டிய புண்ணியவான் நான்தான். என் பெயர் பீற்றர். எங்கள் பக்கத்து மீனை விடியலில் ஏற்றிச் சிலாபம் சந்தையில் இறக்குகிற லொறி என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் உலகத்தில் எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல யாரும் கேட்காமலே உட்கார்ந்துவிடுவேன். ஊரில் என்னைப் போல இன்னும் முந்நூறு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்துதான் அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

அவள் எனக்குப் பதினான்கு வயது இளையவள். எங்கள் அப்பா சவிரிமுத்துவுக்குக் கடலைத் தவிர வேறு கதை இல்லை. பிள்ளை படிக்கிறாள் என்றால் படிக்கட்டும், சமைக்கிறாள் என்றால் சமைக்கட்டும் என்று இருந்த மனிதர். சின்ன வயதில் அவள் கரையில் குந்தியிருந்து அலை விட்டுப்போன மணலை நிறம் நிறமாகப் பிரிப்பாள். எங்கள் கரை மணலில் அங்கங்கே சிவப்புக் கோடு ஓடும். மற்றப் பிள்ளைகள் சிப்பி பொறுக்க, இவள் அந்தச் சிவப்பை மட்டும் கிள்ளி யோகட் கோப்பையில் சேர்ப்பாள். கருவாடு காயப்போட வந்த பெண்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஏதோ பார்வை பட்டுவிட்டதாம். பார்வை பட்டால் காய்ச்சல் வரும், மணல் பிரிக்க வராது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மூளை இருக்கவில்லை. எனக்கும்தான்.

யுத்தம் முடிந்த வருடம் அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். டொக்டராவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அதற்குப் பரீட்சைப் புள்ளி காணவில்லை. கல்லைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அத்தனை முகமும் தொங்கிப்போயிற்று. “மனிசருக்கு வைத்தியம் பாக்க ஏலாது, கல்லுக்குப் பாக்கப் போறாள்” என்று சந்தையில் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பகிடி சிலாபத்திலிருந்து எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

படிப்பு முடிந்து அவள் ஆராய்ச்சியில் இறங்கினாள். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பையில் துணி, இரண்டு பையில் கல். சாப்பாட்டு மேசையில் கல்லை வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவாள்.

“இது ஒருக்கா கடலுக்கடியில கிடந்த சுண்ணாம்புச் சேறு அண்ணா. பிறகு பூமிக்குள்ள ஆழத்துக்குப் போய், சூட்டிலயும் பாரத்திலயும் வெந்து இப்பிடி வெள்ளைக் கல்லாப் போச்சு.”

“எப்ப?”

“அறுபது கோடி வருசத்துக்கு மேல இருக்கும். அந்தக் காலத்தில ஒருக்கா பூமி முழுக்க ஐஸ் பிடிச்சுக் கிடந்ததெண்டு சொல்றாங்க. அந்த நேரத்துச் சூடு குளிர் எல்லாம் இந்தக் கல்லுக்குள்ள பதிஞ்சிருக்கோ எண்டுதான் நான் பாக்கிறன்.”

ஐஸைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தினமும் ஐம்பது கட்டி ஐஸ் உடைக்கிறவன் நான். நாளைக்குக் கடல் கொந்தளிக்குமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அறுபது கோடி வருடத்துக் கடலைப் பற்றிப் பேசுகிறாள். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் போனில் பாரை மீன் விலை கேட்டுக்கொண்டே இருப்பேன். ஓம், ஓம் என்று தலையை ஆட்டுவேன். அந்த ஓம் ஒன்றுக்கும் பெறுமதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சொன்னாள், பாவி.

பெண் கேட்டு வந்தவர்களும் கல்லைக் கண்டு பயந்தார்கள். சிலாபத்திலிருந்து ஒரு தாய் வந்து, எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்புக்குப் பதில் நம்பர் போட்ட கல் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரைக்கூட முடிக்காமல் எழும்பினாள். அன்று நான் அனஸ்தாசியாவுக்கு ஏசியது இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு வேண்டிய கல் கடைசியில் வண்ணாத்திவில்லுப் பக்கம் கிடைத்தது. அங்கே உசனார் நானாவுக்கு ஒரு கச்சான் கடலைத் தோட்டம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். புத்தளத்தில் வருடக்கணக்காக ஓலைக் கொட்டிலில் இருந்து, பிறகு அந்தக் காணியை வாங்கிக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டிப் மண் தோண்டுகிற பெக்கோ பிடித்துக் கிணறு வெட்டினார். ஏழு அடியில் வெள்ளைப் பாறை முட்டிற்று. பெக்கோக்காரன் கொஞ்ச நேரம் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள தண்ணி இல்ல நானா” என்று மெசினை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவருக்கு மிச்சமாகியது ஒரு குழி. அதைக் கேள்விப்பட்டு அனஸ்தாசியா ஓடினாள். ஊரில் ஒருவருடைய கிணறு வறண்டதற்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் இவளாகத்தான் இருக்க முடியும்.

அந்த வெள்ளைப் பாறையின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. இரண்டு கை விரித்த நீளம், ஒரு சாண் அகலம், உள்ளுக்கு ஒரு நகக்கனம்தான் ஆழம். அவ்வளவுதான். மேலே இருந்ததைப் பெக்கோ அள்ளிக்கொண்டு போயிருந்தது, பின்னால் வெறும் வெள்ளைக் கல். பாற்சட்டியின் அடியில் தீய்ந்து பிடித்ததுபோல அந்தக் கறுப்பு ஒட்டிக் கிடந்தது. அது பழைய கடலில் வாழ்ந்த பாசி செத்துப் படிந்து, வெந்து கரியானது. பென்சிலின் முனையில் இருக்கிற அதே பொருள். வெள்ளையிலும் கரி கலந்திருக்கிறது, கறுப்பிலும் இருக்கிறது. கரியில் ஒரு வகை கொஞ்சம் பாரம் கூடியது, ஒரு வகை குறைந்தது. அவை இரண்டும் வெள்ளையில் எப்படிக் கலந்திருக்கின்றன, தொட்டுக் கிடக்கிற கறுப்பில் எப்படிக் கலந்திருக்கின்றன என்று சேர்த்து அளந்தால்தான் அந்தக் கடலின் கதை வரும். ஒன்றை விட்டு மற்றதை அளந்து பிரயோசனம் இல்லை. இதையெல்லாம் நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அவள் மேசையில் சொன்ன நாளில் நான் போனில் இருந்தேன்.

முதலில் ஒரு துண்டு எடுத்து அனுப்பி அளந்தாள். வந்த முடிவு அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதுதான் வினையாயிற்று. அவளுடைய கலாநிதிப் பட்டத்துக்குப் பரீட்சகராக இருந்தவர் பின்லாந்துக்காரப் பேராசிரியர் ஒருவர். இவ்வளவு வெந்த கல் பழைய கடலை நினைவு வைத்திருக்காது, எங்கேயோ கலப்பு நடந்திருக்கிறது என்று எழுதிவிட்டார். அந்தத் துண்டும் அளந்ததிலேயே கரைந்து போயிற்று. கடைசியில் ஒரு வழி சொன்னார். வேறு வேலையாக இந்தியாவுக்கு வருகிறாராம், அப்படியே இங்கே வந்து அந்தக் கோட்டைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வெட்டி எடுத்துப்போய் அளப்பாராம். அதே முடிவு வந்தால் பட்டமும் கிடைக்கும், அவருடைய ஆய்வுகூடத்தில் மூன்று வருட வேலையும் கிடைக்கும். வராவிட்டால் ஐந்து வருட உழைப்பில் முக்கால்வாசி குப்பை.

அந்த ஒரு நாளுக்காக அவள் ஆறு மாதம் காத்திருந்தாள். உசனார் நானாவும் அவளுக்காகக் குழியை மூடாமல் வைத்திருந்தார். அவருடைய ஆடு ஒன்று அதற்குள் விழுந்து கால் முறிந்தது. மாரி தொடங்க முன் மூடியே ஆக வேண்டும். அப்படியிருந்தும் மனிதர் முகம் சுளிக்கவில்லை. அனஸ்தாசியா கோட்டின் மேல் பொலித்தீன் விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்து, “நானா, ஒருத்தரையும் உடைக்க விடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் ஒருவரும் உடைக்கவில்லை. அதை மட்டும் எந்தக் கோயிலில் நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பேராசிரியர் வருவதற்கு முதல்நாள் அவள் அவரை அழைத்துவர விமான நிலையம் போயிருந்தாள். நான் சிலாபத்திலிருந்து திரும்பி, உட்காரக் கதிரை நாலை லொறியில் போட்டுக்கொண்டு உசனார் நானாவின் காணிக்குப் போனேன். வெள்ளைக்காரன் தங்கச்சியின் கல்லைப் பார்க்க வருகிறான் என்றதும் எனக்குத் திடீரென்று அந்தக் கல்லில் மரியாதை வந்துவிட்டது. அதுவரை அவள் சொன்னது காதில் ஏறாது, ஒரு வெள்ளைத் தோல் விமானம் ஏறினால் ஏறும். அவ்வளவு கேவலமான மூளை என்னுடையது.

காணியில் பெருநாள் களை. உசனார் நானா குழியடியில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார். வழிநெடுகக் கல்லுக்கு வெள்ளையடித்திருந்தார். அவருடைய மனைவி கமீலா மாமி வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் ஏணியில் இறங்கிப் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பாறையில் சேறும் செம்மண்ணும் வழிந்து, நடுவே கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. விரலால் தொட்டேன். வழுவழுவென்று மினுங்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டது. லொறி வைத்திருக்கிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

“நானா, பெக்கோக்காரன் கிறீசை அப்பிட்டுப் போயிருக்கான். இதையா அந்த மனிசனுக்குக் காட்டப் போறம்?”

அவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “அனஸ்தாசியா மகள் மூடி வச்சிட்டுப் போனா தம்பி. நமக்கு என்னத்துக்கு? கிடக்கட்டுமே.”

“உடைக்க வேணாமெண்டுதானே சொன்னவள். கழுவ வேணாமெண்டு சொன்னவளா?”

“அப்பிடிச் சொல்லல்லதான்.”

“பிறகென்ன? வாறவன் முகத்தச் சுளிச்சா தங்கச்சிக்குத்தானே வெக்கம்.”

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் முற்றம் கூட்டாமல் விடுவார்களா என்ற கதையைப் போட்டதும் அவர் மறுக்கவில்லை. விருந்தாளி விசயத்தில் அவரிடம் வாதாடவே தேவையில்லை.

சிலாபம் சந்தையில் நாறாத மீன் லொறி என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான். மீன்காரன் கடந்து போனால் மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன், அதனால் எனக்குச் சுத்தம் ஒரு வைராக்கியம். மீன் அடைக்கிற ரெஜிபோம் பெட்டி கழுவக் குளோரின், தட்டில் ஏறுகிற துருவுக்கும் உப்புக் கறைக்கும் அசிட், கம்பிப் புருசு, சுரண்டுகிற தகடு எல்லாம் லொறியிலேயே இருக்கும். அத்தனையையும் குழிக்குள் இறக்கினேன்.

முதலில் தகட்டால் சுரண்டினேன். மென்மையாக இருந்தது, பொருக்குப் பொருக்காக வந்தது. வெடிப்புக்குள் இருந்ததைக் கத்தி நுனியால் நோண்டி எடுத்தேன். பிறகு அசிட்டை ஊற்றினேன். பாறை முழுவதும் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிற்று. அழுக்குப் போகிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோசம். மேலே இருந்து உசனார் நானா வாளி வாளியாகத் தண்ணீர் இறக்கினார். கரைந்து வந்த கறுப்புத் தண்ணீர் குழியின் அடிச் சேற்றோடு போயிற்று. கடைசியாகக் குளோரின் விட்டுத் தேய்த்தேன். மூன்று மணித்தியாலம். வேலை முடிந்தபோது பாறை பள்ளிவாசலில் விரிக்கிற சலவைக்கல் மாதிரி வெள்ளையாக நின்றது. உசனார் நானா இறங்கிவந்து தடவிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ், என்ன வடிவு” என்றார். நான் போனில் படமும் எடுத்தேன். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. என்னை நானே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிற நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன்.

மறுநாள் பத்து மணியளவில் வான் வந்து நின்றது. பேராசிரியர் நெட்டையான, மெலிந்த கிழவர். பந்தலையும் கதிரையையும் செவ்விளநீரையும் பார்த்து நன்றி நன்றி என்று தலையை ஆட்டினார். அனஸ்தாசியா எனக்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள். இவ்வளவும் அண்ணா செய்தாரா என்கிற சிரிப்பு. அப்படி அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ வருடம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவர் முதலில் இறங்கினார். அவள் பின்னால் இறங்கினாள். பொலித்தீனை நான்தான் மேலேயிருந்து கயிற்றில் கட்டி இழுத்தேன், சிலை திறப்பதுபோல.

எட்டிப் பார்த்தேன். பேராசிரியர் முழங்காலில் நின்று சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்துப் பாறையை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்துக்கொண்டு போனார். திரும்பி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பாறையில் கோடு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னொரு தரம் கேட்டார். அப்போது அவள் சொன்ன இங்கிலீசில் எனக்கு இரண்டே சொல்தான் விளங்கிற்று. ஒன்று அண்ணன், மற்றது சுத்தம். கிழவர் தொப்பியைக் கழற்றினார். குழியின் சேற்றில் கொஞ்சம் எடுத்து விரலால் உரசிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாணியும் மண்ணும் குளோரினும் கலந்த சேற்றில் எந்தக் கரி எந்தக் காலத்தது என்று எந்த மெசின் சொல்லும்?

அவர் நல்ல மனிதர். வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு அறிக்கையில் அந்தப் பகுதி முழுவதையும் நீக்கச் சொல்லி எழுதினார். மிஞ்சியதற்குச் சின்னப் பட்டம் ஒன்று கிடைத்தது, பின்லாந்து வேலை இல்லை. மாரிக்கு முன் உசனார் நானா குழியை மூடினார். மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, என் தங்கைக்கு முன்னால் அழுதார். நான் அதுகூடச் செய்யவில்லை. சந்தையில் யாராவது கேட்டால், “அது கல்லில ஒண்டுமில்லையாம்” என்று சொல்லித் தப்பினேன். ஊருக்கும் அதுதானே வேண்டும். கல்லில் என்ன கிடக்கும், அப்போதே சொன்னோமே என்று முந்நூறு தீர்ப்புக்காரர்களும் திருப்தியாகப் போய்ப் படுத்தார்கள்.

இப்போது அனஸ்தாசியா சிலாபத்துக்கு இந்தப் பக்கம் இறால் பண்ணை ஒன்றில் தண்ணீரின் உப்புச் சோதிக்கிறாள். காலையில் என் லொறியில்தான் வருகிறாள். அவளைக் கல்லுப்பொறுக்கி என்று சொன்ன ஐஸ்காரப் பொடியனைப் போன மாதம் நான் கன்னத்தில் அறைந்தேன். அறைந்த பிறகு யோசித்தால், அவன் படித்தது என் வாயிலிருந்துதான்.

அன்று கிணற்றடியில் நடந்ததில் ஒன்று மட்டும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேராசிரியர் பந்தலுக்குப் போன பிறகு அவள் ஏணியில் ஏறி நேரே என்னிடம் வந்தாள். ஏசுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் குரல் கடையில் சாமான் விசாரிக்கிறவளின் குரல்போல இருந்தது.

“சுரண்டின தகடு எங்க அண்ணா?”

“லொறியில.”

“கழுவினீங்களா?”

“ஓம்.”

“கத்தி?”

“கழுவிட்டன்.”

“புருசு?”

“அதையும்தான்.”

“உடுத்திருந்த சாரம்?”

“இரவே தோச்சுக் காயப்போட்டாச்சு.”

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் ஊசியையும் எடுத்தாள். சின்னப் பிள்ளையில் மணல் பொறுக்கும்போது எப்படிக் கிள்ளுவாளோ அவ்வளவு கவனமாக என் வலக்கையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். அப்போதுதான் அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கிற்று. பெரிய மனிதர் வருகிறார், கைகொடுக்க வேண்டி வரும் என்று காலையில் சவுக்காரம் போட்டு, பழைய பல்புருசால் அரை மணித்தியாலம் தேய்த்திருந்தேன்.

அவள் ஒவ்வொரு விரலாக விரித்து, ஒவ்வொரு நகத்துக்குள்ளும் பார்த்தாள். பிறகு இடக்கையையும் கேட்டாள். பத்திலும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. குப்பியை வெறுமையாகவே மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, விருந்தாளிக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கப் போனாள்.